ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்

என் அண்ணன் பல் டாக்டர். ஊரார் வாயில் இருக்கும் ஓட்டைகளை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, முகத்துக்கு நேராகச் சொல்கிறவன். "உங்களுக்கு மூணு பல் சொத்தை, முன்பல் ஒண்ணு ஆடுது" என்று சொல்லும்போது அவன் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருக்கும். ஆனால் அவன் கொடுத்த பொருளில் ஒரு கீறல் இருக்கிறது என்று நாம் சொல்லிவிட்டால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவான்.

எங்களுக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் அவன் எங்களுக்கு ஒரு மர பீரோ வாங்கிக் கொடுத்தான். பார்க்க அழகான பீரோ. திறந்தால் கதவு திறந்தவர் மேலேயே சாயும். கீல் சரியில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கீலை மாற்றினோம், அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம். அடுத்த முறை வந்தவன் பளபளவென்று இருந்த புதுக் கீலைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "நான் குடுத்தது சரியில்லன்னா சொல்லியிருக்கலாமே" என்றான். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். வருஷக்கணக்கில் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அம்மா அப்பா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவன் ஒருவன்தான். ஒரு கீலுக்காக அத்தனை காலம் அண்ணன் இல்லாமல் இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும், கூடவே அழுகையும் வரும். கடைசியில் அண்ணிதான் ஒருநாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் சோபாவில் உட்கார வைத்தாள்.

அப்படிப்பட்டவனிடம் போய் யாராவது பழைய கார் வாங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வெளி ஆள்கிட்ட வாங்கினா ஏமாத்திடுவான். இது நம்ம மச்சான் வண்டி" என்றார். அவர் கூரியர் ஆபீசில் பார்சல் கட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். எந்தப் பொருளையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தெர்மாகோல் அடைத்து, டேப் ஒட்டிவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. வாழ்க்கையையும் அப்படியேதான் நடத்துகிறார். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். ஓட்டப்போவது நான். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பஸ் மாறி மாறிப் போய் எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நானும் பேசாமல் தலையாட்டினேன்.

அண்ணன் புது கார் வாங்கியிருந்தான். பழையதை ஒப்படைக்கும் நாளில் அண்ணி, அண்ணியின் தம்பி குடும்பம், கீழ்வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. கூட்டத்தைக் கண்டால் அண்ணனுக்கு வாய் நிற்காது. அவன் அந்தக் காருக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தான். பானட்டின் மேல் கையை வைத்து, "ராணிக்கு ஒரு குறை கிடையாது. நீ ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம். அப்படியே ஓட்டு" என்றான். கீழ்வீட்டுக்காரர் கைதட்டினார். அண்ணன் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, "ஏதாவது மெக்கானிக் தொட்டான்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று சேர்த்துக்கொண்டான்.

எங்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. வாசலிலிருந்து தெரு நேராகச் சரிந்து கீழே கடைவீதியில் போய் முட்டும். முட்டும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. முதல் நாள் காலையில் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். கீழே வந்ததும் பிரேக்கை மிதித்தேன். அது தரையைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஊரையே கூட்டுகிற மாதிரி 'கீ...ச்' என்று ஒரு சத்தம் போட்டு, மருந்துக்கடைப் படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கல்லாவில் இருந்த மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் மாத்திரை வாங்கத்தான் வந்தவள் மாதிரி இறங்கிப் போய் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினேன். அது தேவையாகவும் இருந்தது.

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது, பிரேக்கா? மருந்துக்கடையா?" என்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது வாசலில் அண்ணனின் புது கார் வந்து நின்றது. இறங்கியவன், "சும்மாதான். ராணி எப்படி இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான். பார்த்துவிட்டுப் போகவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். "மாப்பிள்ளை, நீங்க பின்னாடி தாராளமா உக்காருங்க" என்று சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போய்த் தாராளமாக உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியதும் அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கின் மேல் கையை வைத்தான். அங்கிருந்து எடுக்கவே இல்லை. "மெதுவா. ரெண்டாவது கியர்லயே இறங்கு, ராணிக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்" என்றான். "அந்தப் பக்கத் தெரு வழியா சுத்திப் போயேன், மேடு பள்ளம் இல்லாம இருக்கும், காத்தும் நல்லா வரும்" என்றான். கீழே வந்து நான் பிரேக் போட்டதும் ராணி வழக்கம்போலக் கத்தினாள். அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். "அது அவ குரல். வேற ஒண்ணும் இல்ல" என்றான். என் கடை வாசலில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பவும் எங்கள் வீட்டுக்குப் போய், அங்கே நின்ற தன் புது காரை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கு மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். புது கார் எங்கள் வாசலில் வெயில் காயும், அவன் எங்கள் பழைய காரில் வருவான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கண்காணிக்கிறான். ராணியை நாங்கள் எங்காவது கொண்டுபோய்க் கீலை மாற்றிவிடுவோமோ என்று காவல் இருக்கிறான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் பீரோ ஞாபகமும் கூடவே வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

பிரேக்கை மாற்றாமல் அந்தச் சரிவில் தினமும் இறங்க முடியாது. மாற்றியது தெரிந்தால் அண்ணன் போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பல் டாக்டர்கள் மாநாட்டுக்குப் போயிருந்தான். அவன் ஊரில் இல்லை என்று அண்ணியிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டோம். அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'ஐயோ' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியின் பானட்டைத் திறந்தாலும் அவர் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான். கெட்ட செய்தி சொல்வதில் என் அண்ணனுக்கு அண்ணன்.

"ஐயோ" என்றார், பானட்டைத் திறந்து. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை, கொஞ்சம் நீட்டிச் சொன்னார். பிரேக் பேட் காகிதம் மாதிரி தேய்ந்துவிட்டதாம். பிரேக் ஆயில் கறுத்துப்போய்க் கிடக்கிறதாம். என்ஜின் பெல்ட் எந்த நேரமும் அறுந்துவிடுமாம். அதோடு டிரைவர் பக்கக் கதவு முனகுகிறது, இடது இண்டிகேட்டர் பதறிப் பதறி அடிக்கிறது, பின் கதவுக் கண்ணாடியைக் கையால் பிடித்துத் தூக்கினால்தான் மேலே வருகிறது, வைப்பர் துடைப்பதற்குப் பதிலாகக் கோலம் போடுகிறது. "எதை எதைப் பண்ணணும்னு யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாத்தையும் பண்ணினா நல்லது" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

நானும் என் வீட்டுக்காரரும் பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் போய் ஆலோசனை நடத்தினோம். மற்றவர்கள் எது ஆபத்து, எது அவசரம் என்று பார்த்து முடிவு செய்வார்கள். நாங்கள் அண்ணனின் கண்ணுக்கு எது தெரியும், காதுக்கு எது கேட்கும் என்று பார்த்து முடிவு செய்தோம். பிரேக் பேட் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது, மாற்றலாம். ஆயிலை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், மாற்றலாம். பெல்ட்டும் அப்படியே. கதவு முனகல் அவனுக்கு மனப்பாடம், தொடக்கூடாது. இண்டிகேட்டரின் பதற்றமும் இருக்கட்டும். பின் கண்ணாடியைத் தூக்குவதற்கு அவன் ஒரு தனி வித்தை கண்டுபிடித்து எங்களுக்குப் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறான், அதைப் பறித்துவிட்டால் பாவம். வைப்பர் கண்ணெதிரே இருக்கிறது, அதைத் தொட்டால் அடுத்த நிமிஷமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

"மழை வந்தா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மழை வந்தா லீவு போடுறேன்" என்றேன்.

முடிவைச் சொன்னதும் ஐயோ எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் குனிந்து, "புது போல்ட் எல்லாம் பளபளன்னு தெரியும். மேல கொஞ்சம் பழைய கிரீஸும் மண்ணும் பூசிவிட்டுடுங்க" என்றார். பீரோ கீல் அவருக்கும் மறக்கவில்லை.

"திருட்டு வண்டி இல்லையே?" என்றார் ஐயோ.

"என் கூடப்பிறந்த அண்ணன்கிட்ட வாங்கின வண்டிங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார். அவருக்கும் உறவுக்காரர்கள் இருப்பார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் வேலை முடிந்து எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். வேகமாகப் போய் ஓர் அழுத்து அழுத்தினார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. "கேட்டீங்களா? துளி சத்தம் இல்ல" என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ராணியின் குரல் போய்விட்டது. நாளைக் காலையில் கடைவீதியில் அவள் கத்தாமல் நின்றால், அடுத்த நிமிஷம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பான், பீரோவைப் பார்த்த அதே பார்வையில்.

"அந்த கீச்சு சத்தத்தை மட்டும் திருப்பி வைக்க முடியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

ஐயோ வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். "அம்மா, சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் இத்தனை வருஷமா ஜனங்க எங்கிட்ட வர்றாங்க. சத்தத்தைக் காப்பாத்தச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். முடியாது என்றும் சொல்லிவிட்டார். தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து 'கீ...ச்' என்று ஒரு சத்தம் வந்தது. பதறிப்போய் ஓடினேன். அவர் கையில் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படியே ராணி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எதிரே மருந்துக்கடை தெரிந்தது.

"பின் சீட்ல நான்தானே உக்காரப்போறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாளே ஆரம்பித்தோம். நான் பிரேக் போடுவதற்கு முன் தொண்டையைச் செருமுவேன். அவர் சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் தெர்மாகோலைப் பக்கத்துக் கண்ணாடியில் ஓர் இழுப்பு இழுப்பார். முதல் தடவை கச்சிதமாக அமைந்தது. அண்ணன் வழக்கம்போலக் கண்ணை மூடித் திறந்து, "அவ குரல்" என்று முணுமுணுத்தான். எனக்கு உயிர் வந்தது.

போகப்போகத்தான் தொல்லைகள் வந்தன. நான் செருமிக்கொண்டே இருந்ததால் அண்ணன் என் தொண்டைக்கு மிட்டாய் மாத்திரை கொண்டுவந்தான். ஒருநாள் எனக்கு நிஜமாகவே இருமல் வந்து, ராணி வழியில் ஒரு பாலத்தில் ஏறும்போது விடாமல் கீச்சிட்டாள். இன்னொரு நாள் சிக்னலில் வண்டி அசையாமல் நிற்கும்போது என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டார். "நிக்கும்போதுகூட வருதா?" என்று அண்ணன் பேயறைந்த மாதிரி கேட்டான். பின் சீட்டில் வெள்ளை வெள்ளையாக மணிகள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து என்னவென்று விசாரித்தான். "ஆபீஸ் வேலை, சட்டையில ஒட்டிக்கிட்டு வருது மச்சான்" என்றார் இவர், கூசாமல். இவருக்குக் கலை முற்றிவிட்டது. வெறும் கீச்சு போதாதென்று முதலில் ஒரு முனகல், பிறகு ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு நடுக்கம் என்று சேர்க்க ஆரம்பித்தார். பழைய பிரேக்குக்குக்கூட இவ்வளவு கற்பனை இருந்ததில்லை.

இதற்கிடையில் அண்ணன் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான். "வண்டியை எங்கிட்ட ஒரு நாள் குடேன். நல்லா கழுவித் தர்றேன்" என்றான். தன்னிடம் இருந்த காலமெல்லாம் ராணியை மழைதான் கழுவிக்கொண்டிருந்தது. இப்போது எதற்கு இந்த அக்கறை? ஓட்டிப் பார்த்து வேவு பார்க்கத்தான். பிரேக்கில் காலை வைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடாதா? நாளைக்கு, அடுத்த வாரம், நானே கழுவிவிட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் அவன் முகம் வாடிப்போகும். மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்குள் ஒரு திருப்தி.

அண்ணி ஒருநாள் கடைக்கு போன் செய்தாள். "உன் அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உனக்காவது தெரியுமா? காலையில கிளினிக்கைத் திறக்கறதே இல்ல. வர்றவங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போறாங்க. சோறு இறங்கல, தூக்கத்துல கையைக் கையை இழுக்கறாரு" என்றாள்.

"கையை இழுக்கறானா?"

"ஆமா. போர்வையைப் பிடிச்சு மேல மேல இழுக்கறாரு."

எங்கள் கடைக்குப் பார்வை மங்கியவர்கள் வருவார்கள். எழுத்துப் பலகையில் இருப்பதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று சாதிப்பார்கள். அவர்களை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். என் அண்ணனை மட்டும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கவில்லை. வண்டியைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்து, இவ்வளவு ஆசை இருந்தால் விற்றிருக்கவே வேண்டாமே என்று எரிச்சல்தான் பட்டேன்.

அன்று காலையிலும் மூவரும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி இறங்கியிருப்போம், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெயிண்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சைக்கிளின் குறுக்கே நீளமாக ஓர் ஏணி. தெரு முழுவதும் ஏணியாகிவிட்டது. நான் செருமவில்லை, யோசிக்கவில்லை, முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தேன்.

அதே நொடியில் அண்ணன் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துத் தூக்கினான். சீட்டிலிருந்து எழும்பியே விட்டான். "நீ குதிச்சிடும்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்று அலறினான். கண் இறுக மூடியிருந்தது. "குதிச்சிடு, குதிச்சிடு."

வண்டி அதற்குள் நின்றுவிட்டிருந்தது. ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. பெயிண்டர் ஏணியோடு எங்களைக் கடந்து போனார். போகும்போது, நிற்கும் வண்டியில் யாரை எதற்குக் குதிக்கச் சொல்கிறார்கள் என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான், ஏணி போய்விட்டதைப் பார்த்தான், என்னைத் தொட்டுப் பார்த்தான்.

அப்போது பின் சீட்டிலிருந்து, ரொம்ப நேரம் கழித்து, ஒரு முனகலும் ஓர் இழுப்பும் கடைசியில் ஒரு நடுக்கமுமாக அந்தச் சத்தம் வந்தது.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கையில் தெர்மாகோலும் மடியில் வெள்ளை மணிகளுமாக, கையும் களவுமாக உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் கை தானாக இழுத்துவிட்டதாம், பிறகு சொன்னார்.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றான் அண்ணன்.

"தெர்மாகோல் மச்சான்."

இனி மறைத்துப் பயனில்லை. "பிரேக்கை மாத்திட்டோம்ணா. நீ மாநாட்டுக்குப் போனப்பவே மாத்திட்டோம். உனக்குத் தெரிஞ்சா மறுபடியும் வராம போயிடுவேன்னு பயந்துக்கிட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் இவர்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினேன். அவன் முகம் தூக்கிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். இறங்கி நடக்கப் போகிறான், இனி வருஷக்கணக்கில் பார்க்க முடியாது.

அண்ணன் முகம் தூக்கிக்கொள்ளவில்லை. உடைந்தது. "மாத்திட்டீங்களா?" என்றான். "நெஜமாவே மாத்திட்டீங்களா?" அப்புறம் டாஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். கிளினிக் போட்டு ஊரே மரியாதை கொடுக்கும் ஒரு மனுஷன், நடுத்தெருவில், ராணிக்குள் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதான்.

"பிரேக்கு சரியில்லன்னு எனக்குத் தெரியும்" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மாத்திட்டுத்தான் உனக்குக் குடுக்கணும்னு இருந்தேன். அத்தனை பேர் முன்னாடி ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்னு வாய் சொல்லிடுச்சு. சொன்னப்புறம் எப்படிம்மா நானே வந்து மாத்தறது? கழுவற சாக்குல வாங்கிட்டுப் போய் மாத்திடலாம்னு பாத்தேன், நீ குடுக்கவே மாட்டேன்னுட்டே. தினமும் அந்தச் சத்தம் வேற. இன்னைக்குப் போயிடும், இன்னைக்குப் போயிடும்னு..." என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஹேண்ட்பிரேக் பிடித்துப் பிடித்து அங்கே காய்த்துப்போயிருந்தது.

எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. தங்கையின் உயிரை விட உன் வாய் பெரிதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டும் இருப்பேன். அந்தக் கையைப் பார்த்த பிறகு முடியவில்லை. பிரேக் இல்லை என்று தெரிந்த வண்டியில், வீட்டில் ஒளிந்துகொள்ளாமல், தினமும் காலையில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். என்னைக் குதிக்கச் சொன்னானே தவிர அவன் கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோபமும் பாசமும் ஒன்றாகத் தொண்டையை அடைத்தன. நான் செருமினேன். என் வீட்டுக்காரர் நல்லவேளையாகத் தெர்மாகோலைக் கீழே போட்டிருந்தார்.

அடுத்த நாள் அவன் வர வேண்டிய காரணம் இல்லை. என் வீட்டுக்காரர் காலையிலேயே முன் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, சாப்பாட்டுப் பையோடு ராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. அழுத வெட்கத்தில் இனி வராமல் இருந்துவிடுவானோ என்று ஒரு புதுப் பயம்.

புது கார் வந்து நின்றது. இறங்கியவன் ராணியின் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்குள் போனான். பின்னாலேயே போனேன். எங்கள் அறையில் பீரோவின் முன்னால் நின்று, கதவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கதவு நிறுத்திய இடத்தில் நின்றது. கீலை விரலால் தடவினான். அது இப்போது பளபளக்கவில்லை.

"இந்தக் கதவு உம்மேல விழுந்துச்சா?" என்றான்.

"விழுந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

இந்த வார்த்தையை அன்று சொன்னபோது இருந்த குரல் இல்லை இது. "சொன்னா நீ வரமாட்டியே" என்றேன். அவன் பீரோ கதவை மெல்லச் சாத்தினான். அப்புறம் கையை நீட்டி, "வண்டிச் சாவியைக் குடு. உங்க ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுட்டு அந்த மெக்கானிக்கிட்ட நானே போறேன். வேற என்னென்ன சரியில்லன்னு சொல்லு. எதையும் விடாம சொல்லு" என்றான். வாயைத் திறங்க என்று நோயாளியிடம் சொல்லும் அதே குரல்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கதவு முனகல், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் சொன்னேன். பின் கண்ணாடியைச் சொன்னபோது மட்டும், "அது நல்லாத்தானே வருது" என்று இழுத்தான், பிறகு அதையும் ஒப்புக்கொண்டான். இவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்தது ஆயிற்றே, கார் முடிந்தும் எனக்கு நிற்கவில்லை. அவன் கொடுத்த மிக்ஸியின் மூடி சேராததைச் சொன்னேன். அவன் பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் தினமும் பின்னால் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணனின் முகம் மெல்லத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் ரிப்பேர் பண்ண முடியாது.